"ஒன்றும் இருக்காது"

பிறந்த குழந்தைகளின் காதைச் சோதிப்பது என் வேலை. குழந்தை தூங்கும்போது காதில் ஒரு சின்ன முனையை வைத்து மெல்லிய ஒலி அனுப்புவோம். உட்காதின் மயிர்ச்செல்கள் சரியாக இருந்தால், அதைவிட மெல்லிய ஒலி ஒன்று உள்ளிருந்து திரும்பி வரும். காதே ஒலி எழுப்பும் இந்த விந்தையை டேவிட் கெம்ப் 1978-இல் வெளியிட்டார். நாங்கள் செய்யும் இந்த ஓ.ஏ.இ. சோதனை பிறந்தது அதிலிருந்துதான். சில நிமிடங்களில் திரையில் 'பாஸ்' அல்லது, மறுபடி சோதிக்க வேண்டும் என்றால், 'ரெஃபர்' என்று வந்துவிடும்.

கஷ்டம் 'ரெஃபர்' வந்த பிறகுதான். முதல் நாளில் காதுக்குள் கொஞ்சம் திரவம் தங்கியிருந்தாலே அப்படி வரும். மறுசோதனையில் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடும். நிரந்தரக் குறைபாடு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று குழந்தைகளுக்குத்தான். அதனால் ஆரம்ப நாட்களில், பெற்றவர்களின் முகம் வாடுவதைப் பார்த்ததுமே, "ஒன்றும் இருக்காது, எதற்கும் ஒரு தடவை வந்து பாருங்கள்" என்று சொல்லிவிடுவேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

அப்படி அனுப்பிய ஒரு பையன் திரும்பி வந்தபோது அவனுக்கு இரண்டரை வயது. ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஒலி கேட்கும்போது நரம்பில் எழும் மின்னலைகளைப் பதியும் பெரா சோதனையில், இரு காதிலும் மிகக் கடுமையான இழப்பு. "நீங்கதானே ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னீங்க" என்றார் அம்மா. கோபமாகக்கூட இல்லை.

அவர் நம்பியதில் தப்பில்லை. கதவை ஓங்கிச் சாத்தினால் பையன் திரும்பியிருக்கிறான். அது தரையின் அதிர்வு. நான்கு மாதத்தில் 'ஆ, ஊ' என்று குரல் கொடுத்திருக்கிறான். கேட்காத குழந்தையும் அந்த வயதில் கொடுக்கும். 'பாபாபா' என்று அடுக்க வேண்டிய பருவத்தில்தான் வித்தியாசம் தெரியும். அப்போது, "இவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று வீட்டில் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். இது எங்களுக்கு மனப்பாடம். அதற்கு மேல் இரண்டு வருடத்தை என் ஒற்றை வாக்கியம் தின்றுவிட்டது.

இப்போது, "சோதனை இன்னும் முடியவில்லை" என்று மட்டும் சொல்கிறேன். மறுசோதனைத் தேதியைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். வராவிட்டால் போன் போடுகிறேன். சிலருக்கு எரிச்சல். சரி, வரட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை என்றால் ஓ.ஏ.இ. 'பாஸ்' காட்டினாலும் விடுவதில்லை. கோளாறு நரம்பில் இருந்தால் அந்தச் சோதனைக்குத் தெரியாது.

பையனுக்குக் காது கேட்கும் கருவி போதவில்லை. அப்புறம் அறுவை சிகிச்சை செய்து, கேள்வி நரம்பை நேராகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை உட்காதில் வைத்தார்கள். இப்போது வாராவாரம் பயிற்சி. அம்மா அவன் பின்னால் நின்று 'ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்' என்பார். காதருகே பிடித்திருக்கும் கட்டையை, ஒலி கேட்டதும் கூடையில் போட வேண்டும். 'ஸ்' மட்டும் இன்னும் பிடிபடவில்லை. சில சமயம் அம்மா வாயைத் திறக்கும் முன்பே கட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பி எங்கள் முகத்தைப் பார்க்கிறான். அம்மா சிரித்துவிடுகிறார். நான் தாளில் 'ஸ், மறுபடி பார்க்க' என்று எழுதி, பக்கத்தில் தேதியும் போடுகிறேன்.