சீகன்பால்குவுக்கு மாலை மட்டும் போதாது

ஜூலை 9 வந்தால் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் சிலைக்கு மாலை விழும். ஜெர்மனியில் பிறந்த இந்தக் கிறிஸ்தவ மிஷனரி 1706-இல் இங்கே கரையிறங்கிய நாள் அது. மாலையோடு ஒரு தட்டில் மணலும் வையுங்கள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதித்தான் அவர் தமிழ் கற்றார். மறு வருஷமே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார்.

அவர் தொடங்கிய தமிழ் அச்சு வேலை லேசில் முடியவில்லை. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. ஆனால் அளவு பெரிது. ஒரு பக்கத்துக்குச் சில வரிகளே அடங்கின, காகிதம் கரைந்தது. அதனால் இங்கேயே ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715-இல் பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதப் பஞ்சம் தீர, பக்கத்துப் பொறையாரில் ஆலையே போட்டார்கள்.

பேச்சாளர்கள் பெரும்பாலும் அச்சோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய குறை. கடன் வழக்கொன்றில் ஏழை விதவை பக்கம் நின்றதற்காக தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தவர் அவர். பிள்ளைகளை அந்தக் கோட்டைக்குக் கூட்டிப்போய், உள்ளே நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.