கொழுக்கட்டைப் பதம்

வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு மூன்று வருடம் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். காவிரிக் கரையில் உள்ள எங்கள் சிறிய நகராட்சியில், மட்கும் குப்பையை உரமாக்கும் நுண் உரக்கூடத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் மேற்பார்வையாளர் தேவை என்று கேள்விப்பட்டு ஓர் ஆடி மாதம் விண்ணப்பித்தேன். வேலை கிடைத்தது. "குப்பை கிளறுவதற்கா படிக்க வைத்தேன்?" என்று கேட்டுவிட்டு அப்பா ஒரு வாரம் பேசவில்லை. அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில் 'நகராட்சியில் வேலை' என்று சொல்லிச் சமாளித்தார். அது பொய்யும் இல்லை.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பெண்கள் சிலர் என்னிடம் முதலில் கேட்பது, பயிற்சி எங்கே தருகிறார்கள் என்பதுதான். பயிற்சி உண்டு. எனக்கு அது ஐந்தாவது மாதம்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது.

எங்கள் உரக்கூடம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே காற்றோட்டத்துக்குத் துளை விட்டுக் கட்டிய 14 செங்கல் தொட்டிகள், ஒரு வெட்டும் இயந்திரம், ஒரு சல்லடை, தரையில் ஓடும் சாக்கடை வாய்க்கால், அதன் முடிவில் கசிவுநீர்க் குழி. பேட்டரி வண்டிகள் காலை பத்து மணிக்குள் மட்கும் குப்பையைக் கொட்டிவிட்டுப் போகும். மட்காத குப்பை பக்கத்துக் கொட்டகைக்குப் போகும். 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லியிருந்தன. எங்கள் ஊரில் பாதித் தெருக்கள் பிரித்துத் தரும். மீதித் தெருக்களின் குப்பையை எங்கள் தூய்மைப் பணியாளர்கள் மேசையில் கொட்டிக் கையால் பிரிப்பார்கள். மொத்தம் பதினொரு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அவரை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை வந்த வண்டிகளை இன்னும் மறக்க முடியவில்லை. குங்குமம் அப்பிய உடைந்த பூசணிக்காய்கள், கடை வாசல்களிலும் லாரிகளிலும் கட்டியிருந்த வாழைக்கன்றுகள், நார் பிரிக்காத மாலைகள், மாவிலை, நனைந்த பொரி. வழக்கமாக வருவதைப் போல நான்கு மடங்காவது இருக்கும். வாழைமட்டையை வெட்டும் இயந்திரத்தில் போட்டோம். பத்து நிமிடத்தில் அதன் நார் தண்டில் சுற்றிக்கொண்டு மோட்டார் நின்றுவிட்டது. பிறகு மாலை வரை அரிவாள்தான். வெட்டியதை எல்லாம் தொட்டிகளில் நிரப்பி, மேலே சாணக் கரைசலும் நுண்ணுயிர்க் கரைசலும் தெளிக்கச் சொன்னேன். இடம் போதாததால் ஏறி மிதித்து அமுக்கவும் சொன்னேன். வேதியியல் படித்தவள் செய்த காரியம் இது.

நான்காம் நாள் அழுகிய முட்டை நாற்றம். காற்று இல்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும் என்பது எனக்குத் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நாற்றத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, நுண்ணுயிர் போதவில்லை போலும் என்று மேலும் மேலும் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் மழை. கொட்டகை ஓரத்துத் தொட்டிகளில் சாரல் அடித்தது. ஆறாம் நாள் வெள்ளைப் புழுக்கள் தொட்டிச் சுவரில் ஏறின. பின்தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். சாப்பிட உட்கார முடியவில்லை என்றார்கள், நியாயம்தான். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு நாளில் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் குப்பைக் கிடங்கில் கொட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலைதான் அக்கா வாய் திறந்தார். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி இறுக்கினார். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

"மேடம், இதில் கொழுக்கட்டை பிடிக்க முடியுமா?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், ஒரு சொட்டுக்கு மேல் விழக் கூடாது. கையைத் திறந்து லேசாகத் தட்டினால் உதிர வேண்டும். பிடிக்கவே முடியாமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். இப்படிக் கூழாக இருந்தால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். எனக்கு முன்னால் இருந்த மேற்பார்வையாளரும் கேட்டதில்லையாம்.

வெண்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அதை உறிஞ்ச உலர்ந்த பொருள் வேண்டும். பச்சைக் கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், சருகிலும் வைக்கோலிலும் கரிமம் (கார்பன்) அதிகம். தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 25 முதல் 30 பங்கு வரை இருந்தால்தான் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். ஐப்பசி மழையில் உலர்ந்த சருகுக்கு எங்கே போவது? அக்கா இரண்டு வண்டிகளை அனுப்பினார். ஒன்று அரிசி ஆலைக்கு, உமிக்காக. இன்னொன்று பஸ் நிலையத்துக் கரும்புச்சாறு வண்டிகளுக்கு. கரும்புச் சக்கை அதுவரை எங்களுக்குக் குப்பையில் ஒரு தலைவலி, அன்று மருந்தாகிவிட்டது. உமி சீக்கிரம் மட்காது, ஆனால் குவியலுக்குள் காற்றுப் போக இடம் கொடுக்கும். மூன்று நாள் எல்லோரும் சேர்ந்து தொட்டிகளைக் காலி செய்து, அடுக்கடுக்காக மாற்றி நிரப்பினோம். இந்த முறை யாரும் மிதிக்கவில்லை.

நாற்றம் இரண்டே நாளில் அடங்கியது. அதற்கு அடுத்த நாள் அக்கா ஓர் இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் செருகி, பத்து நிமிடம் விட்டு உருவி என் கையில் கொடுத்தார். பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. நல்ல குவியல் 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். அந்தச் சூட்டில் மூன்று நாளாவது இருந்தால்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாகும். அலுவலக அலமாரியில் நீண்ட தண்டு வைத்த வெப்பமானி ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. கம்பியையும் வெப்பமானியையும் பக்கத்தில் பக்கத்தில் செருகி ஒரு மாதம் நோட்டில் குறித்து வந்தேன். தொட முடிகிறது, ஆனால் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றால் ஐம்பது டிகிரியை ஒட்டி. தொட்டதும் கை தானாக விலகினால் அறுபதை ஒட்டி. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் அக்கா என்னை 'மேடம்' என்பதை விட்டுவிட்டுப் 'பாப்பா' என்று கூப்பிடத் தொடங்கினார்.

மார்கழியில் பயிற்சி வந்தது. கையில் ஏற்கெனவே இருக்கும் திறனைச் சோதித்து, மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ்ச் சான்றிதழ் தரும் ஏற்பாடு. குறுகிய வகுப்பு, பிறகு மதிப்பீடு. படிவம் நிரப்புவது எளிது என்று நினைத்தேன். ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயர் என்று நான்கு பேர். தகப்பனார் பெயர் முன்னால் ஒட்டியிருக்கும், அல்லது கணவர் பெயர் பின்னால் சேர்ந்திருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் விரல் ரேகை. இருபது வருடம் குப்பை பிரித்த கைகளில் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. இயந்திரம் அக்காவின் பத்து விரலையும் மறுத்தது. கையைக் கழுவி, எண்ணெய் தடவித் துடைத்து, மறுபடியும் வைத்தோம். கடைசியில் கருவிழியை வைத்துப் பதிவு செய்யும் மையத்தைத் தேடி மாவட்டத் தலைநகர் வரை போய் வந்தோம். உங்கள் ஊரில் பணியாளர்களைப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், இதற்கு மட்டும் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று கூலி. பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, விடுப்பாகத்தான் கணக்கு என்று ஒப்பந்ததாரர் தரப்பில் சொன்னார்கள். தினக்கூலியை இழந்து, தான் ஏற்கெனவே செய்கிற வேலைக்கு யார் பாடம் கேட்கப் போவார்கள்? நான்கு முறை நகராட்சி அலுவலகத்துக்கு நடந்து, பயிற்சி நாளும் பணி நாளே என்று எழுத்தில் வாங்கினேன். வாய்வார்த்தையை நம்பியிருந்தால் மாதக் கடைசியில் நான்தான் எல்லோருக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வகுப்பின் பெரும்பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. திரையில் ஆங்கில வாசகங்கள் ஓடின. பச்சை அம்புகள் வட்டமாகச் சுற்றும் படத்தைக் காட்டி 'சுழற்சிப் பொருளாதாரம்' என்றார்கள். சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் மகளிர் குழுக்களே நகரத்தின் குப்பையைச் சேகரித்துப் பிரித்து விற்பதைக் காட்டியபோது மட்டும் எங்கள் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "விற்கிற காசு யாருக்கு?" என்று ஒருவர் கேட்டார். பயிற்றுநர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

பிளாஸ்டிக் வகுப்பு மட்டும் முழுப் பயன் தந்தது. ஒரு வாளித் தண்ணீர், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், அவ்வளவுதான் கருவி. துண்டுகளைப் போட்டால் பால் பாக்கெட், எண்ணெய்க் கேன், பாட்டில் மூடி எல்லாம் மிதக்கும். தண்ணீர் பாட்டிலின் உடல், குழாய்த் துண்டு, உடைந்த பேனா உறை மூழ்கும். சோப்பு போடாவிட்டால் மெல்லிய துண்டுகளில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு பொய்யாக மிதக்கும். மூழ்குவதிலும் தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக்கான பெட்டோடு, குழாயின் பிளாஸ்டிக்கான பிவிசி கலந்துவிடக் கூடாது. பெட் உருகும் சூட்டில் பிவிசி கருகி, உருக்கும் மொத்த சரக்கையும் கெடுத்துவிடும். பழைய பொருள் வியாபாரி எங்கள் மூட்டைகளுக்கு ஏன் விலை குறைத்தார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. எங்கள் பெண்கள் வாளி இல்லாமலே பாதியைப் பிரித்துவிட்டார்கள். கசக்கினால் வரும் சத்தம், மடித்தால் வெள்ளையாகும் கோடு, தரையில் தட்டினால் எழும் 'டக்'. அவர்கள் தடுமாறியது அந்த மூழ்கும் ரகத்தில்தான். வகுப்பு முடிந்த அடுத்த மாதமே வியாபாரி விலையை ஏற்றினார். எதற்கும் ஆகாத பிஸ்கட் உறை, சிப்ஸ் உறைகளை மட்டும் கட்டுகளாக்கி அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்புகிறோம்.

மதிப்பீட்டுக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியாது. என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அக்காவின் முறை வந்தது. உரக்குவியலில் ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டார். அக்கா கையை மூடித் திறந்து காட்டி, "கொழுக்கட்டைப் பதம்" என்றார். மதிப்பீட்டாளர் என்னைப் பார்த்தார். நான் "50 முதல் 60 சதவீதம்" என்றேன். அவர் தலையசைத்து டேப்லெட்டில் குறித்துக்கொண்டார். நான் செய்தது மொழிபெயர்ப்பா, காப்பியடிக்க உதவியதா என்று இன்றைக்கும் எனக்கு ஐயம் உண்டு. அக்கா தேறினார், என்னைவிட அதிக மதிப்பெண்ணோடு. செய்முறையில் கையுறையைக் கழற்றும் வரிசையை நான் தப்பாகச் செய்துவிட்டேன்.

சான்றிதழால் கூலி உயர்ந்ததா என்று கேட்காதீர்கள். தினக்கூலி மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்தபடிதான். அந்தக் கணக்கில் சான்றிதழுக்கென்று ஒரு கட்டம் இல்லை. நான் இதை எழுதிக் கேட்டிருக்கிறேன்.

தை மாதம் உரத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நகரக் கழிவு உரம் என்று விற்க வேண்டுமானால் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவுகளுக்குள் இருக்க வேண்டும். ஈரம் 15 முதல் 25 சதவீதம், 4 மில்லிமீட்டர் சல்லடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இறங்க வேண்டும், கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 20க்குக் கீழே. இவை எல்லாவற்றிலும் தேறினோம். உப்பில் தோற்றோம். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸுக்கு மேல் போகக் கூடாது, எங்களுடையது 5ஐத் தாண்டியிருந்தது. காரணம் தேட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. உணவகங்களில் இருந்து வரும் எச்சில் இலை, சாம்பார், ஊறுகாய் ஒரு பக்கம். அதைவிட மோசம், குழியில் சேரும் கசிவுநீரைச் சத்துள்ளது என்று நினைத்து மறுபடியும் குவியலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஆவியாகும், குவியல் சுருங்கும், உப்பு மட்டும் அப்படியே தங்கும். இதை அக்கா கண்டுபிடிக்கவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன். உப்பு கையில் பிடிபடாது, மூக்கிலும் ஏறாது. ஊற்றுவதை நிறுத்தினோம். உணவகக் கழிவைத் தனித் தொட்டியில் போட்டோம். சித்திரையில் அனுப்பிய மாதிரி தேறியது.

அப்பா இப்போது கொல்லை வாழைக்கு எங்கள் உரத்தைத்தான் போடுகிறார், காசு கொடுத்து.

இந்த ஆண்டு மாசியிலேயே ஆளுக்கொரு சாக்கைக் கொடுத்துவிட்டோம். பள்ளிக்கூடத்து வேப்பமரம், குளக்கரை அரசமரம், நீதிமன்ற வளாகத்துப் புங்கமரம் எல்லாவற்றின் சருகும் மூட்டை கட்டிக் கொட்டகையின் மழை படாத மூலையில் கூரை தொட அடுக்கியிருக்கிறது. நேற்று எண்ணினோம், 212 மூட்டை. போதாது என்கிறார் அக்கா. ஆயுத பூசைக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.