நகர்மன்றத் தேர்தலில் நிற்கிறேன்

ஆமாம், நிஜமாகத்தான். உறுப்பினர் பதவிக்கு மனு கொடுத்துவிட்டேன். வீட்டில் முதலில் சிரித்தார்கள், அப்புறம் "வீடு வீடாகப் போய் யார் பேசுவது?" என்று கேட்டார்கள். நான்தான். கூச்சமாகத்தான் இருக்கிறது, பார்க்கலாம்.

பெரிய வாக்குறுதி எதுவும் இல்லை. ஒரு உறுப்பினர் தனியாக நினைத்தால் ஒரு தெருவிளக்கைக்கூடப் போட முடியாது. மன்றத்தில் பெரும்பான்மை வேண்டும், வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். அந்தப் பணத்திலும் சம்பளம், குப்பை அள்ளுவது, பராமரிப்பு என்று நிறைய முன்கூட்டியே போய்விடும். மிச்சத்துக்குத்தான் இத்தனை சண்டையும்.

அந்த மிச்சத்தை நடைபாதைக்கு முதலில் கேட்பேன். சக்கர நாற்காலியில் வருபவர் நடுரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும் என்றால், நுழைவாயிலில் அலங்கார வளைவு எதற்கு? அடுத்து வடிகால். மழைக்கு முன்பு தூர்வாரினால் செலவு மட்டும்தான், பின்பு என்றால் செலவோடு சேதமும். இதை ஏன் ஒவ்வொரு வருஷமும் மறக்கிறோம் என்று எனக்குப் புரியவே இல்லை. நூலகமும் வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும்.

ஒரு வருஷமாக மன்றக் கூட்டங்களுக்குப் பார்வையாளராகப் போகிறேன். பல நாள் அந்த வரிசையில் நான் ஒரே ஆள். தண்ணீர்க் கட்டணம் பேசிய நாளில்கூட!

ஞாயிற்றுக்கிழமை முதல் தெருத்தெருவாக வருகிறேன், கையில் நோட்டோடு. குறை இருந்தால் சொல்லுங்கள், திட்டினாலும் சரி. நாயை மட்டும் கொஞ்சம் கட்டி வையுங்கள்.