விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் பொருள் காணாமல் போனால் முதலில் ஸ்டேஷனுக்குப் போவது வாசல் பெருக்கும் பெண்ணோ வாட்ச்மேனோதான். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து இரண்டாங்கட்டு அறையைத் திறந்தால் வெள்ளிச் செம்பு இருக்காது, எப்போது போனதென்று யாருக்கும் தெரியாது, சாவி யாரிடம் இருந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இலவச சட்ட உதவித் தன்னார்வலராக வேலை பார்க்கிறேன். எனக்கு வரும் போன்களில் நிறைய இந்த வகைதான். “விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போனாங்கக்கா, இன்னும் விடலை.”

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், அரசியலமைப்பின் 22வது பிரிவு அது. ஆனால் கைது என்றே எழுதாவிட்டால் அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று யார் சொல்வது? அதனால் ஆளைக் கொண்டுபோன நேரத்தை எப்படியாவது எழுத்தில் ஏற்றுவதுதான் எங்கள் முதல் வேலை. சீனியர் வக்கீல்கள் அந்தக் காலத்தில் வீட்டாரை உடனே தந்தி கொடுக்கச் சொல்வார்கள், தந்தியில் நேரம் பதிவாகிவிடும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இப்போது எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் மெயில் அனுப்புகிறோம்.

ஒருமுறை ஐம்பது வயதிருக்கும் ஆத்தா ஒருவரைக் காலையிலேயே கூட்டிப் போய்விட்டார்கள், மகள் பொழுது சாயும்போதுதான் பயந்து பயந்து போன் செய்தாள். சாட்சியாக விசாரிப்பதென்றால் ஒரு பெண்ணை அவர் வீட்டில் போய்த்தான் விசாரிக்க வேண்டும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சட்டத்திலும் 179வது பிரிவு அதையே சொல்கிறது. நானும் வக்கீலும் போனபோது ஆத்தா மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். “கைதெல்லாம் இல்லம்மா, ரெண்டு கேள்வி கேட்டுட்டு அனுப்பிடுவோம்” என்றார் அதிகாரி. “அப்படின்னா ஆத்தா இப்பவே எங்ககூட எந்திரிச்சு வரலாம்ல சார்?” என்று வக்கீல் மெதுவாகக் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அனுப்பிவிட்டார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம், ஒருநாள் உட்கார வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் மடப்புரத்தைச் சொல்வேன். எங்கள் சிவகங்கை மாவட்டம்தான். 2025 ஜூனில் நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குக் கொண்டுபோன கோவில் காவலாளி உயிரோடு திரும்பவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்கச் சொன்ன பிறகுதான் விஷயம் முழுசாக வெளியே வந்தது. 2020 சாத்தான்குளத்திலும் அப்பாவும் மகனும் ரிமாண்ட் ஆகி, அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்கச் சொல்லி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன பிறகுதான் இறந்தார்கள், போலீஸுக்கும் சிறைக்கும் நடுவில் நீதிமன்றம் என்ற ஒன்று இருந்தும்.

நீதித்துறை சுதந்திரம் என்றால் எல்லோரும் டெல்லியைப் பற்றி, நீதிபதிகள் நியமனம் பற்றிப் பேசுகிறார்கள். அதுவும் வேண்டும்தான். என் வேலையில் அது ரிமாண்ட் நேரத்தின் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. பக்கத்தில் போலீஸ்காரர் நிற்கும்போது “அடிச்சாங்களா?” என்று கேட்டால் எவன் ஆமாம் என்பான்? நான் பார்த்த ஒரு மாஜிஸ்திரேட் போலீஸாரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அந்தப் பையனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. “கதவு வரைக்கும் நடந்து காட்டுப்பா” என்றார். உள்ளங்காலில் அடி வாங்கியவனால் பாதத்தை முழுசாக ஊன்ற முடியாது, இவன் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தான். உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி காயச் சான்று வாங்கிவரச் சொன்னார். எல்லா மாஜிஸ்திரேட்டும் இப்படிச் செய்ய வேண்டும், இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

காவலில் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அரசே வக்கீல் தர வேண்டும், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது பிரிவு அது. சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்தால் போதும். வக்கீல் கேட்டால் போலீஸுக்குக் கோபம் வரும் என்று பயந்துதான் யாரும் கேட்பதில்லை. அந்த ஆத்தாவை அந்த வீட்டில் மறுபடி வேலைக்குச் சேர்க்கவில்லை, பாக்கிச் சம்பளமும் வரவில்லை. அதற்கு இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.