மூடுலில் இன்டர்னல் தேர்வு வைத்த கதை

சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். தமிழ்வழி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தப் பருவத்து இன்டர்னலையும், பருவ முடிவில் மாணவர்களின் கருத்துக் கணிப்பையும் மூடுல் என்ற இணையவழிப் பாடத்தளத்தில்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு. பாடப்பக்கம் தொடங்குவது, மாணவர்களைச் சேர்ப்பது எல்லாம் ஒரு மதியத்தில் முடிகிற வேலை, அதைச் சொல்லப் போவதில்லை. அதற்கப்புறம் பட்டதுதான் இது.

முதலில், தேர்வு சேர்ப்பதற்கான பொத்தானே என் திரையில் இல்லை. கணினி ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டால், "டீச்சர்னுதாங்க மேடம் போட்டிருக்கேன், பிரவுசரை மாத்திப் பாருங்க" என்றார். பிரவுசரை மாற்றினேன், கம்ப்யூட்டரையே மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. விஷயம் என்னவென்றால் மூடுலில் ஆசிரியர்கள் இரண்டு வகை. ஒருவர் எல்லாம் செய்யலாம். இன்னொருவர் 'நான்-எடிட்டிங் டீச்சர்'. மதிப்பெண் போடலாம், ஆனால் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. என்னை அந்த இரண்டாவது வகையில் போட்டிருந்தார். பங்கேற்பாளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். அதைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு மாற்றிக் கொடுத்தார். "முதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாமே" என்று ஒரு சொல் வேறு.

அடுத்தது எழுத்துரு. துறையில் பல வருடத்து வினாத்தாள்கள் இருக்கின்றன. அத்தனையும் டி.டி.பி. சென்டரில் பாமினியில் அடித்தவை. ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் கொடுக்கும் பழைய எழுத்துரு அது. தமிழக அரசு யுனிகோடை ஏற்றுக்கொண்டது 2010இல்; அந்தச் செய்தி எங்கள் டி.டி.பி.காரருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. வேர்டில் பார்த்தால் அழகான தமிழ். மூடுலில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. சரி, யுனிகோடு மாற்றியில் போட்டோம். மாறியது, ஆனால் நடுநடுவே ஆங்கிலத்தில் அடித்திருந்ததையும் பாமினி என்று நினைத்து மாற்றிவிட்டது. ஜிஎஸ்டி என்று ஆங்கிலத்தில் இருந்த இடமெல்லாம் 'புளுவு'. "புளுவு இந்தியாவில் நடைமுறைக்கு வந்த நாள் எது?" என்று ஒரு வினா வந்து நின்றது. 2017 ஜூலை 1 என்ற விடை மட்டும் சேதாரமில்லாமல் தப்பியிருந்தது. எனக்கு உதவிக்கு வந்த சக ஆசிரியை சிரித்துச் சிரித்து டீயைக் கீபோர்டில் கொட்டாத குறை. மாற்றியபின் வரிவரியாகப் படிக்காமல் எதையும் ஏற்றிவிடாதீர்கள்.

வினாக்களை மொத்தமாக ஏற்றுவதற்கு எய்க்கன் என்ற எளிய உரைக்கோப்பு வடிவம் போதும்: வினா ஒரே வரியில், கீழே விடைகள், கடைசியில் சரியான விடையின் எழுத்து. விடைகளுக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்துதான் இருக்க வேண்டும். நம் வழக்கப்படி அ, ஆ, இ, ஈ போட்டால் ஏற்காது. கோப்பை யுடிஎஃப்-8 என்ற யுனிகோடு குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். ஆய்வகத்துப் பழைய நோட்பேடில் அதை நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும். விடைகளைக் கலைத்துப் போடும் வசதியில் 'மேற்கண்ட அனைத்தும்' முதல் விடையாக வந்து நிற்கும், மேலே ஒன்றுமே இருக்காது. அந்த மாதிரி வினாக்களில் மட்டும் கலைப்பதை நிறுத்திவிடலாம். முடித்த கையோடு சரியான விடையைக் காட்டும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். தேர்வு மூடிய பிறகு காட்டினால் போதும். இல்லாவிட்டால் முதலில் முடித்தவனின் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

தேர்வு நாளுக்கு வருகிறேன். சனிக்கிழமை, காலை 10 மணி, வீட்டிலிருந்தே எழுதலாம் என்று அறிவித்திருந்தோம். ஏற்காட்டு மலைக்கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் வகுப்பில் உண்டு. வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால் மேட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணி ஆனதும் போன் மேல் போன். "மேம், பத்து மணிக்குத் திறக்கும்னு போட்டிருக்கு, மணி பத்தேகாலாச்சு, இன்னும் திறக்கல." என் திரையிலும் அதேதான். அமைப்பில் நேரம் சரியாகத்தான் இருந்தது. ஒரு பையன்தான் கண்டுபிடித்தான்: "மேம், நான் இப்பத்தான் லாகின் பண்ணேன், விடிகாலை நாலே முக்கால்னு காட்டுது."

தளத்தின் நேர மண்டலத்தை யாரும் இந்தியாவுக்கு மாற்றவே இல்லை. கிரீன்விச் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அது பத்து என்று சொன்னால் நமக்குப் பிற்பகல் 3.30. பொறுப்பாளரின் போன் சுவிட்ச் ஆஃப். தொடக்க நேரத்தை 4.30 என்று மாற்றிச் சேமித்ததும் அந்த நொடியே தேர்வு திறந்துகொண்டது. முடிவு நேரத்தையும் அதே கணக்கில் இழுத்தேன். ஆனால் மலையில் காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அதற்குள் சிக்னல் போய்விட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தாலும் சர்வரில் நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், திரும்பி வந்தபோது சிலருக்கு முடிந்தே போயிருந்தது. உங்கள் சுயவிவரத்தில் நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். தளம் முழுவதற்கும் அப்படி வைக்க நிர்வாகியால்தான் முடியும், அவரை விடாதீர்கள்.

விடுபட்டவர்களுக்கு மறுதேர்வு. இந்த முறை மூடுலின் மொபைல் செயலி வழியாக, இணையம் இல்லாமலே எழுத வைத்தேன். தேர்வு அமைப்பில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது, ஆனால் நிபந்தனைகள் உண்டு. கால வரம்பு போடக் கூடாது. எல்லாம் முடித்த பிறகே விடை திருத்தும் முறையில்தான் இருக்க வேண்டும். தளத்தில் மொபைல் செயலிக்கான அனுமதியையும் நிர்வாகி திறந்துவிட்டிருக்க வேண்டும். "டைம் லிமிட் இல்லாத டெஸ்டா?" என்று துறைத்தலைவர் இழுத்தார். புத்தகத்தைப் பார்த்தாலும் யோசித்தால்தான் வரும் கணக்கியல் ஜர்னல் பதிவுகளாகக் கேட்கிறேன் சார் என்றேன். அரை மனதோடு தலையாட்டினார்.

வெள்ளி பிற்பகல் தேர்வைத் திறந்தேன். கல்லூரி வைஃபையில் எல்லோரும் போனில் இறக்கிக்கொண்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போய், வீட்டில் உட்கார்ந்து எழுதினார்கள். திங்கள் காலை கல்லூரி வைஃபை பட்டதும் விடைகள் ஒவ்வொன்றாக என் திரையில் ஏறின. விடை ஏறும்வரை செயலியை அழித்துவிடாதே என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வையுங்கள். ஒரு விடைக்குறிப்பு தவறாக இருந்ததை அப்புறம்தான் ஒரு மாணவி காட்டினாள். வினாவைத் திருத்தி, மறுமதிப்பீட்டை அழுத்தினால் எல்லோருக்கும் மதிப்பெண் தானாக மாறிவிடுகிறது. பேப்பர் கட்டைப் பிரித்து மறுபடி கூட்ட வேண்டியதில்லை, அந்த ஒன்றுக்காகவே மூடுலைப் பாதி மன்னித்தேன்.

கருத்துக் கணிப்பு சுலபம், 'சர்வே' என்பதைத் தொடாமல் இருந்தால். எங்கள் பதிப்பில் அது ஆயத்த ஆங்கிலக் கேள்வித்தாள். ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. நம் கேள்விகளை நாமே போட 'ஃபீட்பேக்'தான் வழி. பெயர் தெரியாதபடி வைத்தேன். தேர்வு நேரக் குழப்பத்தைப் பற்றி ஒரு பதில் காரமாகவே இருந்தது. துறைத்தலைவர், "இது யார்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். பதில் எண் மட்டும்தான் சார் தெரியும் என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவரே மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். நிறையப் பேர் கேட்டிருந்தது வெள்ளி டு திங்கள் முறையைத்தான். அந்தச் சூட்டோடு அடுத்த இன்டர்னலுக்கும் அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.