வழக்குத்தொடுநரை யார் நீக்கலாம்: ஒரே வினாவுக்கு இருமுறை விடையெழுதிய அனுபவம்

முள்ளியவளையில் இருந்துகொண்டு, பகலில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக வேலைசெய்தபடி, தொலைக்கல்வி வழியாகச் சட்டமாணிப் பட்டத்துக்குப் படித்தவள் நான். அரசியலமைப்புச் சட்டத் தாளில் முதல்முறை சித்தியடையவில்லை. மறுமுறை எழுதப் போனபோது, சொற்கள் சற்று மாறியிருந்தாலும், முதல்முறை என்னைக் கவிழ்த்த அதே வினாதான் மூன்றாவதாக இருந்தது: அரசின் பெயரால் வழக்குத்தொடுக்கும் அலுவலர் அரசாங்கத்திடமிருந்து சுயாதீனமாக இயங்குவதற்கு, பதவி நீக்கத்துக்கு எதிரான சட்டப் பாதுகாப்புகள் எந்தளவுக்குப் போதுமானவை எனத் திறனாய்க. இந்த வினா இனிமேலும் வரும் என்பது என் கணிப்பு. சட்டமா அதிபரிடமிருந்து வழக்குத்தொடுக்கும் பணியைப் பிரித்துத் தனியான அலுவலகம் ஒன்றிடம் கொடுக்கவேண்டும் என்ற பேச்சு அண்மைக் காலத்தில் வலுத்திருப்பதே அதற்குக் காரணம். ஆகவே வன்னியிலிருந்து இந்தத் தாளுக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கையருக்காக, எங்கே தவறினேன், பிறகு எதைப் படித்துத் தேறினேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

முதல்முறை நான் எழுதியது ஒரு கதை. 1973 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு, அமெரிக்காவில் ஜனாதிபதியின் ஆட்கள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த வோட்டர்கேட் விவகாரத்தை விசாரித்துவந்த விசேட வழக்குத்தொடுநர் ஆர்ச்சிபால்ட் கொக்ஸை நீக்கும்படி ஜனாதிபதி நிக்சன் கட்டளையிட்டதையும், சட்டமா அதிபர் ரிச்சர்ட்சன் அதைச் செய்ய மறுத்துப் பதவி விலகியதையும், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ரக்கிள்ஷவுஸும் மறுத்ததையும், மூன்றாம் நிலையில் இருந்த ரொபேர்ட் போர்க் நீக்கக் கடிதத்தில் ஒப்பமிட்டதையும் இரண்டரைப் பக்கத்துக்கு விரித்தேன். எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பெறுபேறு வந்த பிறகு, வவுனியாவில் எங்களுக்கு வகுப்பெடுத்த சட்டத்தரணி ஐயாவிடம் விடையை நினைவிலிருந்து எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “கதை நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. சட்டம் எங்கை?” என்று கேட்டார்.

அதே கதைக்குள் சட்டம் இருந்தது. நான்தான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். கொக்ஸ் நியமிக்கப்பட்டபோது, அசாதாரணமான முறைகேடு புரிந்தாலன்றி அவர் நீக்கப்படமாட்டார் என்று நீதித் திணைக்களம் ஓர் ஒழுங்குவிதியை வெளியிட்டிருந்தது. போர்க் அவரை நீக்கியபோது அந்த விதி நடைமுறையில் இருந்தது. நீக்கிய பிறகே அது இரத்துச் செய்யப்பட்டது. ஆகையால் அந்த நீக்கம் சட்டவிரோதமானது என்று ‘நேடர் எதிர் போர்க்’ வழக்கில் மாவட்ட நீதிமன்றம் கூறியது. இதன் மறுபக்கத்தையும் மாணவர் காணவேண்டும்: போர்க் முதலில் விதியை இரத்துச் செய்துவிட்டுப் பின்னர் கடிதத்தில் ஒப்பமிட்டிருந்தால் அந்த வாதமே எழுந்திருக்காது. பாதுகாப்பை ஒழுங்குவிதியில் எழுதிவைத்தால், எழுதிய கையே அதை அழித்துவிடலாம். எனவே எந்த நாட்டை எடுத்தாலும், நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு அரசியலமைப்பில் இருக்கிறதா, பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இருக்கிறதா, நிறைவேற்றுத்துறை தானே ஆக்கிய விதியில் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். என் இரண்டாம் விடையின் முதற் பந்தி இதுவாகத்தான் இருந்தது.

அமெரிக்க வரலாற்றை இந்த ஒரு கேள்வியோடு படித்தால் அது தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். 1978ஆம் ஆண்டுச் சட்டம், பின்னர் ‘சுயாதீன வழக்குத்தொடுநர்’ எனப் பெயர்பெற்ற பதவியை உருவாக்கி, பின்வந்த திருத்தத்தோடு, சட்டமா அதிபர் தாமே நேரடியாகவும் தகுந்த காரணம் காட்டியுமே அவரை நீக்கலாம் என்றும், நீக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் விதித்தது. இந்தக் கட்டுப்பாடு ஜனாதிபதியின் நிறைவேற்று அதிகாரத்தைப் பறிக்கிறது என்ற வாதத்தை 1988இல் ‘மொறிசன் எதிர் ஓல்சன்’ வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் நிராகரித்தது. அந்த ஒருவரான நீதியரசர் ஸ்காலியாவின் மாறுபட்ட தீர்ப்பைக் கட்டாயம் வாசியுங்கள். யாருக்கும் பொறுப்புச் சொல்லவேண்டியிராத வழக்குத்தொடுநரும் ஆபத்தானவரே என்ற எதிர்வாதத்துக்கு அதைவிடக் கூரான இடம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சட்டம் 1999இல் காலாவதியானது. அதன்பின் வந்தது மீண்டும் ஒரு திணைக்கள ஒழுங்குவிதி, அதாவது சுற்றிச் சுழன்று 1973ஆம் ஆண்டு நிலைக்கே. நீக்கப்படும் விசேட வழக்குத்தொடுநர் பத்து நாட்களுக்குள் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம் என்பதைச் சட்டமாக்கும் மசோதா ஒன்றை 2018 ஏப்ரலில் செனட்டின் நீதித்துறைக் குழு 14க்கு 7 என்ற வாக்குகளால் ஏற்றபோதும், அது செனட் சபையின் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை.

இலங்கைச் சட்டத்துக்கு வருகிறேன். இங்கே நான் செய்த நல்ல காரியம், குறிப்புப் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு, 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க அலுவலர்களை அகற்றுதல் (நடவடிக்கைமுறை) சட்டத்தையே தேடி எடுத்து வாசித்ததாகும். சில பக்கங்களே கொண்ட சட்டம் அது. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் அதன் 3ஆம் பிரிவைப் பெரிய எழுத்தில் எழுதி, அறைக்குள் அடுக்கியிருந்த நெல்மூட்டைகளுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். மாசி அறுவடைக் காலமாதலால் மூட்டைகள் ஏற ஏறத் தாளும் மேலே ஏறிக்கொண்டிருந்தது; கடைசியில் நாற்காலியில் நின்றுதான் வாசித்தேன். சட்டமா அதிபருக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் மட்டுமே உரிய அந்தச் சட்டத்தில் காரணங்கள் இரண்டு வகைப்படும். வங்குரோத்து, நோயால் வரும் இயலாமை, பாரதூரமான குற்றத்தீர்ப்பு போன்றவை ஒரு வகை. துர்நடத்தை அல்லது ஊழல், பதவியதிகாரத்தைப் பாரதூரமாகத் துஷ்பிரயோகம் செய்தல், கடமையைப் பாரதூரமாகப் புறக்கணித்தல், பாரபட்சமாக நடத்தல் ஆகியவை மற்றைய வகை. இரண்டாம் வகைக்கு மூவர் கொண்ட விசாரணைக் குழுவின் தீர்மானமும், அதன்பின் சபைக்கு வராதவர்களையும் சேர்த்து மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் வாக்கும் வேண்டும். 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் அது 113 ஆகும்.

நியமனப் பக்கத்தை இதனோடு சேர்த்தே படிக்கவேண்டும். அரசியலமைப்பின் 41இ உறுப்புரையின்படி சட்டமா அதிபரை ஜனாதிபதி நியமிப்பதற்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் தேவை. பேரவை 17ஆம் திருத்தத்தோடு 2001இல் வந்தது. 2010இல் 18ஆம் திருத்தம் அதன் இடத்தில் கருத்துக்கூற மட்டும் வல்ல பாராளுமன்றப் பேரவையை வைத்தது. 2015இல் 19 அதை மீட்டது. 2020இல் 20 மீண்டும் பறித்தது. 2022இல் 21 திரும்பக் கொடுத்தது. இதை வாய்ப்பாடு போல ஒப்புவிப்பவர்களுக்குப் புள்ளி கிடைப்பதில்லை. இருபது ஆண்டுகளில் நியமன வாசல் ஐந்து தடவை மாறியிருக்க, நீக்க வாசலைக் காத்த 2002ஆம் ஆண்டுச் சட்டம் இடத்தைவிட்டு அசையவில்லை என்று எழுதிப் பாருங்கள். ஆளை விரும்பியபடி நியமிக்க முடிந்தால் நீக்கவேண்டிய தேவையே எழாது என்ற அடுத்த வாக்கியம் தானாக வரும்.

அந்தச் சட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் யார் மீதும் முழுமையாகப் பிரயோகிக்கப்படாமலே கிடந்தது. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதிதான், உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தலைமையிலான குழுவின் அறிக்கையை அடுத்து, பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனை நீக்கும் பிரேரணை 177 வாக்குகளுடன், எதிர்வாக்கு எதுவுமின்றி நிறைவேறியது. மறுமுறை எழுதுவோருக்கு இது நல்ல உதாரணம். ஆனால் கவனம்: நீக்கப்பட்டவர் பொலிஸ் மா அதிபர், சட்டமா அதிபர் அல்லர். என்னோடு படித்த ஒருவர் அவசரத்தில் இரண்டையும் குழப்பி எழுதிவிட்டு, மண்டபத்துக்கு வெளியே வந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

பெரும்பாலானோர் தொடாத, எனவே புள்ளி மிகுதியாகக் கிடைக்கும் பகுதி இனித்தான் வருகிறது. முன்படலையை இறுகக் கட்டிவிட்டுக் கோடிப்பக்க வேலியில் பொட்டு, அதாவது நுழையும் இடைவெளி, விட்டால் ஆடு மாடு எந்த வழியால் போகும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை. நீக்கச் சட்டங்களும் அப்படித்தான். தென்னாபிரிக்காவில் தேசிய வழக்குத்தொடுப்புப் பணிப்பாளரைக் குறித்த காரணங்களின்றியும் பாராளுமன்றத்தின் பங்கின்றியும் நீக்கமுடியாது. அப்படியிருந்தும் நக்சசானா என்ற பணிப்பாளர், ஜனாதிபதி சூமாவின் காலத்தில் 17.3 மில்லியன் ரான்ட் கொடுக்கப்பட்டு 2015இல் பதவியைவிட்டுப் போனார். யாரும் அவரை நீக்கவில்லை, அவராகவும் விலகவில்லை. காசு கொடுத்து அனுப்பப்பட்டார். 2018இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த உடன்பாட்டைச் செல்லுபடியற்றதாக்கி, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அவருக்குப் பின் வந்தவரின் நியமனத்தையும் தள்ளியது. அதோடு நில்லாமல், பணிப்பாளரைச் சம்பளமின்றிக் கால எல்லையின்றி இடைநிறுத்த இடமளித்த ஏற்பாடும் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. இடைநிறுத்தம் என்பது பெயர் மாற்றிய நீக்கம் என்பதை இந்தத் தீர்ப்பைப் போலத் தெளிவாக உணர்த்தும் வேறொன்றை நான் படிக்கவில்லை.

நம் நாட்டிலும் பொட்டுகள் உண்டு. 2016 ஒக்டோபரில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகம், ஜனாதிபதி பகிரங்கமாக ஆற்றிய உரையொன்றில் ஆணைக்குழுவைக் கண்டித்த சில நாட்களில் பதவி விலகினார். 1973ஆம் ஆண்டு நீதி நிருவாகச் சட்டம் உருவாக்கிய பொது வழக்குத்தொடுநர் பதவி, அந்தச் சட்டம் சில ஆண்டுகளில் நீக்கப்பட்டபோது அதனோடு மறைந்தது. ஆளை நீக்காமல் நாற்காலியையே எடுத்துவிடுவதும் ஒரு வழி. முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி 2023 செப்டம்பரில் உயிரச்சுறுத்தலைக் காரணங்காட்டிப் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறியதை இங்கே எவரும் மறக்கவில்லை. அவர் நீதிபதி, வழக்குத்தொடுநர் அல்லர் என்பதைக் குறிப்பிட்டு, ஒப்பீடாக மட்டும் ஒரு வாக்கியத்தில் சொன்னேன். நீதிமன்றங்களில் நாம் நேரில் காணும் அரச சட்டத்தரணிகளோ பகிரங்க அலுவலர்கள். அவர்களது இடமாற்றமும் ஒழுக்காற்றுக் கட்டுப்பாடும் 55ஆம் உறுப்புரையின் கீழ் அரசாங்க சேவை ஆணைக்குழுவிடம் இருக்கின்றன. 2002ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தொடுவதில்லை.

ஒப்பீட்டுக்கு இந்தியாவிலிருந்து ஒரேயொரு வழக்குப் போதும். 1990இல் உத்தரப் பிரதேச அரசு ஒரே சுற்றுநிருபத்தால் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலும் இருந்த அரச வழக்கறிஞர்களின் நியமனங்களை முடிவுறுத்தியபோது, ‘சிறீலேகா வித்யார்த்தி’ வழக்கில் இந்திய உயர் நீதிமன்றம், அது மனம்போன போக்கிலான செயல், சமத்துவ உரிமைக்கு முரணானது என்று அந்தச் சுற்றுநிருபத்தைத் தள்ளியது. விசேட பாதுகாப்புச் சட்டம் எதுவும் இல்லாத இடத்திலும் சமத்துவ ஏற்பாடு காப்பாக நிற்கலாம் என்பதற்கு இது சான்று. நம் 12ஆம் உறுப்புரையோடு இணைத்து எழுதுங்கள்.

சனிக்கிழமைகளில் நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போகும் பேருந்தில் என்னோடு வந்து படித்த அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய அம்மா, காணாமலாக்கப்பட்ட மகனுக்காக, 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்தே போய்வருபவர். நான் நீக்கப் பாதுகாப்புகளை ஒப்புவித்துக்கொண்டு வர, அக்கா யன்னலோரம் இருந்தபடி ஒருநாள் கேட்டார்: “அவரை எடுக்க ஏலாதெண்டு சட்டம் சொல்லுறது சரி. அவர் வழக்கே போடாமல் சும்மா இருந்தா என்ன செய்யிறது?” புளியங்குளச் சந்தி வரும்வரை எனக்குப் பதில் வரவில்லை.

சட்டத்தில் பதில் ஓரளவு இருக்கிறது. ‘விக்டர் ஐவன்’ வழக்கில், குற்றப்பகர்வு தாக்கல் செய்யும் விடயத்தில் சட்டமா அதிபரின் தற்றுணிபு, அதாவது தானே தீர்மானிக்கும் அதிகாரம், அடிப்படை உரிமைகளின் அளவுகோலால் மீளாய்வு செய்யப்படத்தக்கது என உயர் நீதிமன்றம் 1998இல் கூறியது. ஆகவே ஆளை அசைக்காமலே அவருடைய தீர்மானத்தைக் கேள்விக்கு உட்படுத்தலாம். 2025இன் தொடக்கத்தில், பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொலையோடு தொடர்புடைய வழக்கில் மூன்று சந்தேக நபர்களை விடுவிக்கச் சட்டமா அதிபர் ஆலோசனை கூறியபோது, அவரை நீக்கவேண்டும் என்ற குரல் எழுந்ததும், அந்த ஆலோசனை பின்னர் நிறுத்திவைக்கப்பட்டதும் இந்த இரண்டு பரிகாரங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க ஏற்றவை. ஆனால் வழக்கே தொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் இருப்பதை எதிர்த்து, மனுதாரரே கொழும்புக்கு ஏறியிறங்கவேண்டியிருக்கிறது என்பதையும் எழுதாவிட்டால் விடை அரைகுறையாகிவிடும். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2015ஆம் ஆண்டு ஜெனிவாத் தீர்மானம் 30/1 விசேட வழக்குத்தொடுநர் ஒருவரைக் கொண்ட நீதிப்பொறிமுறை பற்றிப் பேசியது. அந்தப் பதவி இன்றுவரை நியமன நிலைக்கே வரவில்லை, நீக்கம் பற்றிப் பேச அங்கே ஆளே இல்லை.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். மூன்று மணித்தியாலத்தில் நான்கு வினாக்கள் என்றால் ஒன்றுக்கு முக்கால் மணித்தியாலம். முதல்முறை வோட்டர்கேட்டுக்கே அரை மணித்தியாலத்தைக் கொடுத்தவள், இம்முறை அமெரிக்காவைப் பத்து நிமிடத்தில் முடித்து, இலங்கைக்கு இருபது நிமிடமும் வேலிப் பொட்டுகளுக்குப் பத்து நிமிடமும் ஒதுக்கினேன். மிஞ்சிய ஐந்து நிமிடத்தில், அக்கா பேருந்தில் கேட்ட கேள்வியை என் சொல்லில் மாற்றாமல், எழுத்துத் தமிழில் மட்டும் திருத்தி, கடைசிப் பந்தியின் முதல் வாக்கியமாக வைத்தேன். அதற்குக் கீழே விக்டர் ஐவன் வழக்கை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது.