ஐஸ் தீர்ந்துபோன 14-வது கிலோமீட்டர்

திரும்பி வந்து இரண்டு நாள் ஆகிறது. கோபம் இன்னும் இறங்கவில்லை, சந்தோஷமும் இறங்கவில்லை. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். அரைத் தூர ட்ரையத்லானைக் கொளுத்துகிற வெயிலில் முடித்துவிட்டேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே உடையாகப் போடும் ட்ரைசூட்டைத் துவைக்க எடுத்தால், அதில் உப்பு வெள்ளைக் கோடுகளாகக் காய்ந்து கிடந்தது, நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெயில் போட்டிக்குப் போக நினைக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று பயணம், தயாரிப்பு, போட்டி நாள் என வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

விமானத்தில் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். போட்டியின் நுழைவுக் கட்டணமே மூன்று மாதச் சேமிப்பைத் தின்றுவிட்டது. அதனால் ராத்திரி ஏசி பஸ். சைக்கிள் பெட்டி வரும் என்று முன்பே கேட்டு, சரி என்ற பதிலையும் வாங்கியிருந்தேன். ஏறும்போது இடமில்லை என்றார்கள். அரை மணி நேரம் மன்றாடிய பிறகு பெட்டியைப் படுக்கப் போட்டு, அதன்மேல் நாலு மூட்டையை அடுக்கினார்கள். நடுராத்திரிக்கு மேல் ஏசி நின்றுவிட்டது. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். விடியும்வரை நாற்பது பேரும் வேர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தோம். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு துளி வியர்வைகூட வீணாகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தயாரான உடம்பு. இறங்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது, தலை விண் விண் என்று தெறித்தது.

அடுத்து டாக்ஸி. பெட்டியைக் காட்டித்தான் வாடகை பேசினேன். விடுதி வாசலில் இறங்கியதும், பெட்டிக்குத் தனி என்று இரண்டு மடங்கு கேட்டார் ஓட்டுநர். வெயிலில் நின்று சண்டை போடத் தெம்பில்லை, கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் சாப்பாட்டுக்காக எடுத்து வைத்திருந்த காசு அது. சைக்கிளோடு போகிறவர்கள் பேசிய தொகையை ஓட்டுநரின் போனுக்கே செய்தியாக அனுப்பிவிட்டு ஏறுங்கள். அறையில் பெட்டியைப் பிரித்தால் பின்பக்க கியரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்தது. கையால் முடிந்தவரை நிமிர்த்தினேன். கடைசி இரண்டு கியர் மட்டும் வழிக்கு வரவில்லை.

இனி வெயில். நான் இருப்பதும் பழகுவதும் குளிர்ந்த இடம். உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். அந்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே வேகத்துக்கு இதயம் குறைவாகத் துடிக்கும். வசதி உள்ளவர்கள் இரண்டு வாரம் முன்பே போய்த் தங்கிவிடுகிறார்கள். எனக்கு லீவும் இல்லை, தங்கக் காசும் இல்லை. அதனால் தினமும் ஓடி முடித்த கையோடு 40 டிகிரி வெந்நீரில் கழுத்துவரை அரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஆராய்ச்சிகளில் சோதித்துப் பார்த்த முறைதான் இது. முதல் மூன்று நாள் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. பத்தாம் நாள் முப்பது நிமிடம் முடிந்தும் தலை தெளிவாக இருந்தது. செலவு, வெந்நீர் போடுகிற மின்சாரம் மட்டும். தனியாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள். எழுந்திருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும்.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்துப் பார்த்து என் வியர்வைக் கணக்கையும் எடுத்து வைத்திருந்தேன். குறைகிற ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. எனக்கு மணிக்கு 1.1 லிட்டர். அதை முழுக்கக் குடித்து ஈடுகட்ட வேண்டும் என்பது தப்பு. போகிற இடத்திலெல்லாம் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று சொல்கிறார்களே, அது எனக்குப் பயத்தைத் தருகிறது. அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும், உயிரே போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவுக் கோட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மணிக்கு 800 மில்லி, அதில் உப்பு. என் கணக்கு அவ்வளவுதான்.

போட்டி நாள். தொடக்கம் காலை 6:30 என்று அறிவித்திருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் டயருக்குக் காற்று அடித்து, ஐஸ் கலந்த சர்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, உள்ளிருந்தே உடம்பைக் குளிர வைத்துக்கொண்டு 6:15-க்குக் கரையில் நின்றோம். 7:25-க்குத்தான் தொடங்கினார்கள். பாதுகாப்புப் படகுகள் வரவில்லையாம். படகு இல்லாமல் யாரையும் கடலில் இறக்கக் கூடாது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் முதல் நாளே வந்து நிற்க வேண்டிய படகு ஏன் வரவில்லை? இதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. அந்த 55 நிமிடத்தில் நான் உறிஞ்சிய ஐஸின் குளிர்ச்சி அத்தனையும் போனது. காலையில் தள்ளிப்போகிற ஒவ்வொரு நிமிடத்தையும் கடைசியில் ஓட்டத்தில் உச்சி வெயிலாக அனுபவிக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் ட்ரையத்லானைக் காலை 6:30-க்கு வைத்தார்கள், வெயிலுக்குப் பயந்து மாரத்தானையே வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். உலகத்திலேயே நன்றாகப் பயிற்சி எடுத்த உடம்புகளுக்கே அந்த அக்கறை தேவைப்பட்டது.

நீச்சலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர் 29 டிகிரி. அவ்வளவு சூடான தண்ணீரில் உடம்பைக் கதகதப்பாக வைக்கும் ரப்பர் உடையான வெட்சூட் கிடையாது, அதனால் ட்ரைசூட்டோடு இறங்கினோம். அந்தச் சூட்டில் வேகமாக நீந்தினால் தண்ணீருக்குள்ளேயே வேர்க்கும். மெதுவாக நீந்தி 46 நிமிடத்தில் கரையேறினேன்.

சைக்கிள் ஏமாற்றும். காற்று முகத்தில் அடித்து வியர்வையை உடனுக்குடன் உலர்த்துவதால் வெயில் தெரியவே தெரியாது. ராத்திரியே உறைய வைத்திருந்த பாட்டில் ஒன்று ஒரு மணி நேரம் குளிர்ச்சியாக இருந்தது. 20-வது கிலோமீட்டரிலிருந்து ஒருவர் பின் ஒருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். பயிற்சியில் மிதித்ததில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் மிதித்தேன். கியர் வேறு ஏற்றத்தில் கடகடவென்று நழுவியது. மனசு பொறுக்கவில்லை. ஆனால் இதில் நான் உறுதியாக இருந்தேன். நாம் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் மிதிப்பதற்குப் போகிறது, மீதியெல்லாம் உடம்புக்குள் சூடாக மாறும். வேகமாகப் போக ஆசைப்பட்டால் அந்தச் சூட்டைத்தான் ஓட்டத்துக்குச் சுமந்துகொண்டு போக வேண்டும்.

ஓடத் தொடங்கும்போது மணி 11:45. சைக்கிளிலிருந்து இறங்கிய நொடியில் காற்று நின்றது. அடுப்பைத் திறந்து முகத்தை நீட்டினது போல இருந்தது. ஈரப்பதம் அப்படி. வியர்வை உலரவே இல்லை, முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டுகிற வியர்வை வீண், ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். வெப்ப அபாயத்தை அளக்கும் டபிள்யூபிஜிடி கணக்கில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம் எடை கொடுத்திருப்பது இதனால்தான். 1950-களில் பயிற்சியில் சுருண்டு விழுந்த அமெரிக்க மரைன் வீரர்களுக்காக உருவான கணக்கு அது. இந்தப் போட்டியில் அந்த எண்ணை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. 32 டிகிரி என்று மட்டும் அறிவித்தார்கள்.

கடிகாரத்தில் வேகம் காட்டும் திரையை நான் முதல் நாளே எடுத்துவிட்டேன். இதயத் துடிப்பு 150 தாண்டினால் நடை, இறங்கினால் ஓட்டம். தண்ணீரும் ஐஸும் கொடுக்கும் முதல் எய்ட் ஸ்டேஷனில் ஒரு பையன், பள்ளிக்கூடம் முடித்த வயதுதான் இருக்கும். நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, இரண்டு கையிலும் ஐஸை அள்ளிக்கொண்டு எதிரே ஓடி வந்தான். "அக்கா, தொப்பியக் கழட்டுங்க!" தொப்பிக்குள் ஒரு பிடி, உள்ளங்கைக்கு ஒன்று ஒன்று. நான் ட்ரைசூட்டின் ஜிப்பை இறக்கி நெஞ்சுக்குள் ஒரு பிடி போட்டுக்கொண்டேன். தொப்பி ஐஸ் உருகி, காதுக்குப் பின்னால் ஓடி, முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. முதல் துளி இடுப்பைத் தொட்டதும் துடிப்பு 154-லிருந்து 147-க்கு வந்ததைக் கடிகாரத்தில் பார்த்தேன். அவன் விரல் நுனியெல்லாம் சிவந்து விறைத்துப் போயிருந்தது. கையுறைகூட யாரும் கொடுக்கவில்லை. இரண்டாவது சுற்றிலும் அதே இடத்தில், அதே மாதிரி ஓடி வந்தான். அந்தப் போட்டியைத் தூக்கி நிறுத்தியது அவனும் அவனைப் போன்ற வாலண்டியர்களும்தான். பணம் வாங்கிக்கொண்டு நடத்தியவர்கள் அல்ல.

காலையில் என்னைத் தாண்டிப் போனவர்களில் பலரை எட்டாவது கிலோமீட்டரிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். நடந்துகொண்டிருந்தார்கள், சிலர் குனிந்து வாந்தி எடுத்தார்கள். ரத்தமெல்லாம் தோலுக்கு ஓடிவிட்டால் வயிறு எதையும் வாங்காது, சக்திக்காகக் குடித்த ஜெல் அப்படியே குலுங்கும். எனக்கு வயிறு ஒத்துழைத்தது. என் கணக்கு பலித்துவிட்டது என்ற துள்ளல் அப்போதே வந்துவிட்டது.

14-வது கிலோமீட்டர். எய்ட் ஸ்டேஷனில் ஐஸ் இல்லை. தீர்ந்து அரை மணி நேரம் ஆயிற்று என்றார்கள். வெயிலில் கிடந்த பாட்டில் தண்ணீர் மட்டும், கையில் ஊற்றினால் சுட்டது. எங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர் வர வேண்டும். மெதுவாக வருகிறவர்கள்தான் அதிக நேரம் வெயிலில் நிற்கிறார்கள், அவர்களுக்குத்தான் ஐஸ் இல்லாமல் போகிறது.

அங்கிருந்து இருநூறு மீட்டரில் எனக்கு முன்னால் போன ஒருவர் சாலையின் ஓரத்துக்கும் நடுவுக்குமாக வளைந்து வளைந்து போனார். அவர் கையில் மயிர் கூச்செறிந்து நின்றது, அந்த வெயிலில். "சார், உங்க பேர் என்ன?" என்று கேட்டேன். "சைக்கிள் எங்க வச்சேன்?" என்றார். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் சைக்கிள். 2016-ல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த ட்ரையத்லானில் முன்னணியில் வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர் ஜானி பிரவுன்லீ கடைசிச் சில நூறு மீட்டரில் இப்படித்தான் தள்ளாடினார், அண்ணன் அலிஸ்டர் தோளில் தாங்கிக் கோட்டுக்குத் தள்ளினார். அந்தக் காட்சியைப் பார்த்து எல்லோரும் நெகிழ்ந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் பயம் மட்டும்தான் வருகிறது. பேச்சு குழறினால் அது வெறும் களைப்பு இல்லை, உள்ளே 40 டிகிரி தாண்டியிருக்கலாம்.

கையைப் பிடித்து மர நிழலில் படுக்க வைத்தேன். ஒரு வாலண்டியர் பெண் ரேடியோவில் ஆள் கூப்பிட்டாள். இருந்த தண்ணீரையெல்லாம் அவர் மேல் ஊற்றினோம். இரண்டு துண்டை நனைத்துப் போர்த்தி, அட்டைப்பெட்டியைக் கிழித்து மாறி மாறி விசிறினோம். வாயில் எதுவும் ஊற்றவில்லை. என் நெஞ்சுக்குள் கரையாமல் மிச்சமிருந்த ஐஸ் துண்டை எடுத்து அவர் கழுத்தடியில் வைத்தேன், புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. மருத்துவ வண்டி வர 18 நிமிடம் ஆனது. வந்த வண்டியிலும் ஐஸ் இல்லை. முடிவுக் கோட்டு மருத்துவக் கூடாரத்தில் குளிர்ந்த நீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்று கிடையாதாம், மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவார்களாம்.

வெப்பத்தால் சுருண்டவரை முதலில் குளிர வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற இடத்தில் ஆகஸ்ட் மாத வெயிலில் ஓர் ஓட்டப் போட்டி நடக்கிறது. 18 ஆண்டுக் காலத்தில் அங்கே வெப்பத் தாக்கு கண்ட 274 பேரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், ஐஸ். முடிவில் எங்கள் கழுத்தில் மாட்டிய கனமான மெடலை விட மலிவான சமாச்சாரம்.

மீதி ஏழு கிலோமீட்டரை எப்படிக் கடந்தேன் என்று நினைவில் அதிகம் இல்லை. 7 மணி 12 நிமிடத்தில் முடித்தேன். அவருக்காக நின்ற நேரமும் அதில் அடக்கம், முடிப்பதற்கான கடைசி நேரமான கட்-ஆஃபுக்கு இன்னும் ஒரு மணிக்கு மேல் இருந்தது. கோட்டைத் தாண்டியதும் முதல் காரியமாக மருத்துவக் கூடாரத்துக்குப் போய்க் கேட்டேன். அந்தத் தள்ளாடியவர் மருத்துவமனையில் தன் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டாராம். அப்போதுதான் அழுதேன்.

ஏற்பாட்டாளர்களுக்கு நேற்று இரவு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இரண்டே கேள்விகள்: கடைசியில் வருகிறவருக்கும் மிஞ்சும்படி ஐஸ் வாங்குவீர்களா, குளிர்நீர்த் தொட்டி வைப்பீர்களா. அடுத்த வருடத்துக்கான பதிவு வரும் திங்களன்று திறக்கிறது, முன்பதிவுச் சலுகை ஒரு வாரம்தான். சலுகை போனாலும் பரவாயில்லை, பதில் வராமல் பணம் கட்ட மாட்டேன். அதற்குள் ஹேங்கரை மாற்ற வேண்டும், சைக்கிள் பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லை.